எல்லாருக்கும் எட்டு அடி

முதல் தடவை திட்ட முகாமைத்துவப் பரீட்சையில் நான் கோட்டைவிட்டது மனிதர்களைப் பற்றிய பகுதியில். கால அட்டவணை, செலவுத் திட்டம், ஆபத்து மதிப்பீடு எல்லாம் நன்றாகவே செய்திருந்தேன். மனிதர்களை எப்படி வேலை செய்யவைப்பது என்ற பகுதியில் மட்டும் போதாது என்று வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, சுவருக்கு அப்பால் யார் தும்மினாலும் இன்னார் என்று சொல்லக்கூடிய எனக்கா மனிதர்களைத் தெரியாது?

இரண்டாவது தடவைக்கு மூன்று மாதம் இருந்தது. தோட்டங்களுக்குக் குடிநீர்த் திட்டம் செய்துகொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அப்போது நான் கள அலுவலர். திட்ட முகாமைத்துவச் சான்றிதழ் கையில் இருந்தால் அடுத்த கட்ட வேலைக்கு நானே பொறுப்பாளர். இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார். எங்கள் முகாமையாளர் இதைச் சிங்களத்தில் மரியாதையாகவே சொன்னார். அந்த அடுத்த கட்டத்தில் நான் பிறந்த டிவிஷனின் மேல் லயங்கள் இருந்தன. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கொடகவெலயிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். மனிதன் சோம்பேறி, தலைமேல் ஆள் நிற்காவிட்டால் நகரமாட்டான் என்கிறது ஒரு கோட்பாடு. அதன் பெயர் எக்ஸ். பொறுப்பைக் கொடுத்துப் பார், தானாகவே செய்வான் என்கிறது அதற்கு எதிரான வை. இன்னொன்றின்படி சம்பளம், கூரை, தண்ணீர் எல்லாம் கிடைத்தால் மனக்குறை போகுமே தவிர உற்சாகம் வராது. உற்சாகத்துக்குப் பாராட்டு வேண்டும். இதை எழுதியவர் பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நின்றதில்லை என்று புத்தக ஓரத்தில் குறித்துவைத்தேன். ஆனாலும் பாராட்டு என்ற விஷயம் எனக்குப் பிடித்துவிட்டது.

அதைச் செய்துபார்க்க இடமும் இருந்தது. எங்கள் டிவிஷனின் கீழ் லயங்களுக்கு ஊற்றிலிருந்து குழாய் இறக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஞாயிறுகளிலும் போயா என்ற பௌர்ணமி விடுமுறைகளிலும் வீட்டுக்கு ஒருவர் வந்து குழாய் புதைக்கக் கான் வெட்டவேண்டும். வெட்டாத வீட்டுக்குக் குழாய் இல்லை. அந்த விதியை எழுதியவளும் நான்தான். பதினோரு பெண்கள் வந்தார்கள். எல்லாரும் ஒரே கேங்கில் கொழுந்து எடுப்பவர்கள். கான் வழியை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு மாலை அளந்தபோது ஒருத்தி பதின்மூன்று அடி வெட்டியிருந்தாள், இன்னொருவர் இரண்டே அடி. அடுத்த வாரம் கொடகவெலயில் தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கிவந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் புள்ளைக்காம்பராச் சுவரில் பெரிய அட்டை ஒன்றை ஒட்டி, ஆளுக்கு ஒரு வரிசை போட்டேன். அதிகம் வெட்டுகிறவருக்கு நட்சத்திரம். கங்காணியை இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வை கோட்பாடு அல்லவா!

அந்த ஞாயிறு மாலை அளந்தால் எல்லாருக்கும் எட்டு அடி. நாடாவில்தான் ஏதோ கோளாறு என்று மறுபடி அளந்தேன். எட்டேதான். அதற்கடுத்த போயா அன்று எல்லாருக்கும் ஒன்பது. யாருக்கென்று நட்சத்திரம் ஒட்டுவது? புத்தகத்தில் இதற்கும் விளக்கம் இருந்தது. வேலை செய்யும் குழு தனக்குள் ஓர் அளவை வைத்துக்கொள்ளும், அதைத் தாண்டுகிறவரை அடக்கும். கூடிப்பேசி என்னை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

"மிஸ்ஸு மொகம் ஏன் இப்புடி இருக்கு?" என்று கேட்டாள் ஒருத்தி. பத்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், இப்போது அந்தக் கேங்கில் இருக்கிறாள். கிண்டல் செய்யும்போது மட்டும் நான் அவளுக்கு மிஸ். நாடாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறு மாலைவரை காத்திருக்காமல் காலை பத்து மணிக்கே மேலே ஏறிப்போனேன்.

முதல் நாள் இரண்டு அடி வெட்டிய அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய துண்டுக்குள் என் தோழியும் இன்னொருத்தியும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"இது யாரோட துண்டு?" என்றேன். கங்காணிக்குக்கூட அப்படி ஒரு குரல் வராது.

அந்த அக்காதான் பதில் சொன்னார். "என்னோடதும்மா. ஆப்ரேஷன் பண்ணி ரெண்டு மாசந்தான் ஆகுது, கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. வீட்டுல வேற ஆளு இல்ல. வெட்டலன்னா பைப்பு இல்லன்னு நீங்க சொன்னீங்களே."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

தோழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொன்னா என்னா பண்ணியிருப்ப? அக்கா பேருக்கு நேரா சைபர் போட்டுச் செவுத்துல ஒட்டியிருப்ப. அதான் எல்லாருக்கும் ஒரே அளவா வெட்டிட்டோம்." பிறகு குரலை இறக்கினாள். "ஒங்கம்மாவுக்குக் கொழுந்து போட்டதெல்லாம் மறந்துட்டியா? எங்கம்மா போட்டாங்க. இந்தா ஒக்காந்திருக்காங்களே, இந்த அக்காவும் போட்டாங்க."

மறந்துதான் போயிருந்தேன். தோட்டத்தில் குறித்த கிலோ கொழுந்து நிறுத்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். நான் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருஷம் வாரத்தில் இரண்டு நாள் டவுனில் கணித வகுப்பு. இறப்பர்க் காட்டு வழியாக என்னைத் தனியே அனுப்பப் பயந்து, அம்மா அந்த இரண்டு நாளும் மலையைவிட்டு நேரத்தோடு இறங்கிவிடுவார். அவர் வைத்துவிட்டுப்போன சாக்கில் கேங்கில் உள்ளவர்கள் ஆளுக்கு இரண்டு பிடி போட்டு, அம்மா பெயரில் நிறுப்பார்கள். ஒரு நாள்கூட அம்மாவுக்கு அரைப்பேர் விழவில்லை. எனக்குக் கணிதத்தில் ஏ கிடைத்தது.

அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. "தப்பு என்னோடதுதாங்க அக்கா" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். தோழியிடம் மண்வெட்டியைக் கேட்டேன்.

"பாத்து வெட்டு, காலுல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிறாத" என்று கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் மூன்று அடி வெட்டினேன். கை கொப்பளித்துவிட்டது. அன்றைக்கே விதியை மாற்றினேன். வீட்டுக்கு ஒருவர் என்பதை எடுத்துவிட்டு, கேங்குக்கு இத்தனை அடி, பதினோரு வீட்டுக்கும் குழாய் என்று எழுதினேன். யார் வெட்டுவது, யார் தேத்தண்ணி ஊற்றுவது என்பது அவர்கள் பாடு. அட்டையைக் கழற்றினேன். நட்சத்திரங்களைப் புள்ளைக்காம்பராக் குழந்தைகள் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். கான் வேலை குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடிந்தது.

பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. குழுவில் எல்லாருடைய வேலையும் ஒரே அளவாக இருந்தால் பொறுப்பாளர் முதலில் என்ன செய்யவேண்டும்? இலக்கைக் கூட்டுவதா, தனித்தனியே பரிசு கொடுப்பதா, மேலிடத்துக்கு எழுதுவதா, அல்லது குழுவோடு உட்கார்ந்து பேசுவதா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசிக்காமல் கடைசியைத் தெரிவுசெய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

கீழ் லயத்தில் தண்ணீர் திறந்த நாளில் பரீட்சை முடிவு என் போனில் இருந்தது. அந்த அக்கா தன் வாசல் குழாயைத் திறந்து முதல் செம்புத் தண்ணீரை என்னிடம் நீட்டினார். தோழி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னா, பாஸா?"

"பாஸ்."

"போன தடவ கோட்ட விட்டியே, அந்த மனுசங்க பாடம்?"

"அதுலதான் இந்தத் தடவ நல்லா வந்திருக்கு."

"அப்ப அதுவும் நாங்க ஒன் சாக்குல போட்ட கொழுந்துதான்" என்று சொல்லிவிட்டு, குடத்தைக் குழாயடியில் வைத்தாள். "ஆமாடி" என்று நான் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன்.