ஜெராக்ஸ் கண்ணாடியில் பறந்தவன்

நேற்று வாங்கிய சூப்பர்ஹீரோ காமிக்ஸில் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பறப்பவனின் உடம்பு ஜவ்வுமிட்டாய் மாதிரி நீண்டு கிடந்தது. பழைய ஜெராக்ஸ் மெஷினில் தாளை நகர்த்தி எடுத்த படம் என்று ஓவியர் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். படித்ததுமே சூடான மைப்பொடி வாசம் மூக்கில் ஏறியது.

நாங்கள் பள்ளியில் படித்தபோது திருக்கோகர்ணத்தில் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பள்ளி மலரின் அட்டைக்காக அக்கா ஒரு சூப்பர்ஹீரோ வரைந்தாள்.

"பறக்கிற மாதிரி இல்லக்கா, டவுன்பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கான்" என்றேன்.

அவள் படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, பச்சை வெளிச்சம் நகர நகரத் தாளையும் கூடவே இழுத்தாள். வெளியே வந்த காப்பியில் அவன் பறந்தான்.

அதைப் பார்த்த அப்பா மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "மெஷின் இழுக்குதுங்க, செத்த வாங்க."

"நாந்தாம்ப்பா இழுத்தேன்" என்றாள் அக்கா.

"மெஷினுக்குப் பரிஞ்சு பேசாத ஆத்தா" என்று சிரித்தார். டீச்சரும் காப்பி சரியாக விழவில்லை என்று, நின்றுகொண்டிருந்தவனையே அட்டையில் போட்டுவிட்டார். அக்கா அந்த மலரை வீட்டுக்கே கொண்டுவரவில்லை. அப்புறம் அவள் வரையவும் இல்லை.

இன்று காலை அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டி, எப்படி எடுத்தது என்று சொன்னேன். நீண்ட உடம்பின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப நெசமாவே அவதான் இழுத்தாளா?" என்றார். "அவளுக்குப் போனைப் போட்டுக் குடு."