காலில் புண்ணோடு ஓர் உறவினர்

"ஐயா அவர்களுக்கு, எங்கள் உறவினர் ஒருவர் காலில் புண்ணோடு கொழும்புக்கு வெளியே இருக்கிறார். பார்த்துவரப் புதன்கிழமை ஒரு நாள் லீவு தரும்படி தாழ்மையாகக் கேட்கிறேன்."

கடிதம் அவ்வளவுதான். மேலே "12 ஆகஸ்ட், திங்கள்" என்று இருக்கிறது, ஆண்டு இல்லை. அந்தத் தேதி 1991இலும் 1996இலும் திங்கட்கிழமையில் விழுந்தது. முதலாவதில் எனக்கு நான்கு வயது. இது நடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு படித்தேன். ஆகவே 1996. எங்கள் தோட்டத்து ஆபீசைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது எரிப்பதற்காகக் குவித்திருந்த காகிதங்களுக்குள் இதைக் கண்டெடுத்தேன். எழுதியவர் என் சித்தப்பா. உறவினர் ஒரு யானை.

நாங்கள் இருந்தது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். கடிதத்துக்கு முந்தைய ஆண்டு பழைய ரப்பர் மரங்களைத் தறித்தார்கள். சரிவில் வாகனம் இறங்காது என்பதால் மரக் கொந்தராத்துக்காரர் கட்டை இழுக்க ஒரு பெண் யானையைக் கொண்டுவந்தார். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவை அவளுக்குத் தீனியாகக் கித்துள் பனை மட்டை வெட்டிப்போட அனுப்பினார்கள். உடையவர் அவளுக்கு வைத்த பெயர் மெனிக்கே. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நுழைந்ததும் அது மேனகா ஆகிவிட்டது. பாகனின் சிங்களத்துக்கும் சித்தப்பாவின் தமிழுக்கும் அவள் வேற்றுமை பார்க்கவில்லை. "வா தாயி" என்று சித்தப்பா சொன்னால் வருவாள். தும்பிக்கை நேராக அவர் சட்டைப்பைக்குப் போகும்; அதில் ஒரு துண்டு கித்துள் சக்கரை இருக்கும்.

வேலை முடிந்ததும், கொழும்புக்கு வெளியே சொந்தமாக மிருகக்காட்சி நடத்திய ஒருவருக்கு அவளை விற்றுவிட்டார்கள். லொறி வந்தது. அவள் ஏறவில்லை. பாகன் அதட்டினார், கெஞ்சினார், குத்தினார். நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். யானையைத் தள்ளிவிடலாம் என்று அவர்கள் நினைத்ததே பெரிய விஷயம். கடைசியில் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் முதலில் தான் லொறியில் ஏறி, உள்ளே நின்றுகொண்டு, "வா தாயி" என்றார். அவள் ஏறினாள். லயமே கைதட்டியது. நானும் தட்டினேன். அன்று மத்தியானம் சித்தப்பா சோற்றைத் தொடவில்லை. வயிற்றுக் கோளாறு என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

எட்டு மாதம் போனபின் எழுதியதுதான் இந்தக் கடிதம். யானையைப் பார்க்கப் போகிறேன் என்றால் யார் லீவு தருவார்கள்? ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கிளாக்கர் படித்துவிட்டு, சித்தப்பாவை நம்பாமல் என்னிடம் கேட்டார்.

"யாரும்மா அந்தச் சொந்தக்காரங்க?"

"மேனகாங்க ஐயா."

"வயசானவங்களா?"

"இல்லீங்க. இன்னும் கல்யாணங்கூட ஆகல."

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நன்றாகச் சிரித்தார். "அடேய், இதுக்கு எதுக்குடா கால்ல புண்ணு? பொண்ணு பாக்கப் போறேன்னு எழுத வேண்டியதுதானே." கையெழுத்து விழுந்தது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். சித்தப்பாவின் சட்டைப்பை சக்கரையால் புடைத்திருந்தது. குரங்குக் கூண்டுகளைத் தாண்டித் தகரக் கூரை, சீமெந்துத் தரை. முன்காலில் ஒரு சங்கிலி, பின்காலில் ஒரு சங்கிலி. பலகையில் மூன்று மொழியிலும் "ராணி" என்று எழுதியிருந்தது. அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, நம்மளப் பாத்து ஆடுறா!" என்று நான் குதித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. காவலாளியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படித்தான், சனங்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று அந்த ஆள் பெருமையாகச் சொன்னார். சித்தப்பா குனிந்து அவளுடைய முன்காலைப் பார்த்தார். சங்கிலி உராய்ந்த இடத்தில் ஊதா நிற மருந்து பூசியிருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், எனக்கே சரியாகக் கேட்காத குரலில் "தாயி" என்றார்.

ஆட்டம் நின்றது. தும்பிக்கை வேலிக்கு மேலாக நீண்டு வந்து அவர் சட்டைப்பையைத் தடவியது. இருந்த சக்கரை முழுவதையும் எடுத்துக் கொடுத்தார். பிறகு இரண்டடி பின்னால் வந்து என் கையைப் பிடித்தார்.

"வா, போவோம். இது அவ இல்ல."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அவள்தான் என்று சாதித்தேன். மேனகாவுக்குக் காது கிழிந்திருந்தது இடப்பக்கம், இந்த யானைக்கு வலப்பக்கம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் நம்பவில்லை, நாலு நாள் அவரோடு பேசவும் இல்லை. இவ்வளவு தூரம் கூட்டிப்போய் வேறொரு யானையைக் காட்டி ஏமாற்றிவிட்டார், அல்லது நம்முடைய யானையையே அடையாளம் தெரியாத மனிதர் என்று மாறி மாறிக் கோபப்பட்டேன். பெண் பிடித்ததா என்று கிளாக்கர் விசாரித்தபோது, "அது வேற ஆளுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு சித்தப்பா மலைக்கு ஏறிப் போய்விட்டார்.

கட்டிப்போட்ட யானை அப்படி அசைவது ஆட்டம் அல்ல, நடக்க வழியில்லாத உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும் அசைவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். இப்போது சில பெரிய மிருகக்காட்சிசாலைகளில் யானைகளுக்குச் சங்கிலி இல்லை; மண் தரையும் குளமும் கூட்டாளிகளும் உண்டு. போன வருடம் அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். மற்ற யானைகள் தண்ணீரில் கிடக்க, ஒரு கிழட்டு யானை மட்டும் அகன்ற திடலின் நடுவே ஒரே இடத்தில் நின்று அசைந்துகொண்டிருந்தது. அதன் காலில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

வந்த சூட்டோடு விசாரணையைத் தொடங்கினேன். அந்தத் தனியார் மிருகக்காட்சி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. உரிமையாளரின் மகனுக்கு எழுதினேன். இரண்டு பெண் யானைகள் வாங்கியதாக நினைவு, எங்கிருந்து என்று தெரியாது, பத்திரங்கள் இல்லை என்று பதில் வந்தது. கிழிந்த காது எந்தப் பக்கம் என்பது அம்மாவுக்கு நினைவில்லை. எனக்கும் நிச்சயமில்லை. மேனகாவின் புகைப்படம் யாரிடமும் இல்லை.

மிஞ்சியவர் சித்தப்பா. எந்த மலையில் எந்த வரிசை மரம் நன்றாகப் பால் தந்தது என்று இன்றைக்கும் தடுமாறாமல் சொல்வார். போன தீபாவளிக்கு அவரிடமே கேட்டேன்: "சித்தப்பா, அன்னைக்குப் பாத்தது மேனகாதானே?"

டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எந்த யான?" என்றார்.

அது மேனகாதானா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.