ஒக்சிம் கட்டச் சொன்ன பேனர்

மா ஒக்சிம் அக்காவை யாராவது சாந்தமானவள் என்று சொன்னால், அவர் அவளோடு இரண்டு வார்த்தை பேசியதில்லை என்று அர்த்தம். சியோலில் பழைய வண்டிகள் கைமாறும் ஜாங்ஆன் சந்தையில், என் கடைக்கு அடுத்த தடுப்புதான் அவளுடையது. வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் கேமராவை நாங்கள் பிளாக் பாக்ஸ் என்போம். அதை மாட்டுவது நான். அதற்குள் இருக்கும் மெமரி கார்டு செத்துப்போனால் உயிர் கொடுப்பது அவள். ஓயாமல் பதிந்தும் அழித்தும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வெந்தும், ஒருநாள் அந்தக் கார்டு கையை விரித்துவிடும். அதுவும் சரியாக விபத்து நடந்த அன்றைக்குத்தான் விரிக்கும்.

சின்ன லாரிக்காரர்களுக்கு மட்டும் அவள் பாதிக் கூலிதான் வாங்குவாள். தாராள மனசு என்று எவனும் நினைத்துவிட வேண்டாம்.

அவளுடைய தம்பி யங்சோக் மோட்டார் பைக்கில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவன். ஒரு மழைநாள் விடியலில், பெட்ரோல் பங்க் முனையில் ஒரு லாரி அவனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. முன்விளக்குச் சில்லு ஒன்றுதான் போலீஸுக்குக் கிடைத்தது. அது எங்கள் பேட்டையில் பாதிப் பேர் ஓட்டும் ஒரு டன் லாரியின் விளக்கு. சாவு வீட்டில் எல்லோரும் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, ஒக்சிம் அக்கா துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஊற்றும் காரமான மாட்டுக்கறிக் குழம்பைக் கிண்ணம் காலியாகும்வரை குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாங் தம்பி, அந்த லாரிலயும் கார்டு இருக்கும்ல?"

"இருக்கும்க்கா."

"கார்டுன்னா ஒருநாள் சாகும். செத்தா எங்கிட்டத்தான் வரணும். வரட்டும்."

போன் கம்பெனியில் பற்றவைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அதை உதறிவிட்டு என் பக்கத்தில் கடை போட்டாள். வண்டி எதிலாவது மோதினால், அந்தத் துண்டுக் காட்சியை மட்டும் கேமரா அழிக்காமல் தனியாக ஒதுக்கி வைக்கும். எந்த லாரிக்காரன் கார்டு வந்தாலும் அவன் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த மழைநாள் அதில் ஒதுங்கிக் கிடக்கிறதா என்று துழாவுவாள்.

"அடுத்தவங்க கார்டை நோண்டறது தப்புக்கா" என்றேன் ஒருநாள்.

"தப்புதான். போய்ப் போலீஸ்ல சொல்லு. பாவம், அவங்களும் ஒரு கேஸைக் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும்."

அவளுக்கு அந்த நாட்களில் துணையாக நின்றது பேனர் கடை குக் ஜொங்பே அண்ணன்தான். விபத்து நடந்த இடத்தில் 'சாட்சி தேடுகிறோம்' என்று பேனர் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதை அச்சடித்தவர் அவர், ஏணி போட்டுக் கட்டியவரும் அவர். அனுமதியில்லை என்று வட்டார ஆபீஸ்காரர்கள் எடுத்துப் போடப் போட, சொல்லாமலே புதிதாக ஒன்று கட்டிவிடுவார். "நான் போட்ட முடிச்சு அவிழாது, அவனுங்க அறுத்துத்தான் எடுக்கணும்" என்று பெருமையடிப்பார். காசு கொடுத்தால் கையை உதறுவார். மூன்று பேரும் சேர்ந்து கறுப்புச் சோயாக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிடும் நாட்களில் தன் கிண்ணத்துக் கறித் துண்டுகளை ஒக்சிமின் கிண்ணத்துக்கு மாற்றுவார். அவளும் வேறு யாருக்கும் காட்டாத மரியாதையோடு அவரை அண்ணே என்பாள்.

போன இலையுதிர் காலத்தில் குக் புது லாரி வாங்கினார். பழைய லாரியின் பிளாக் பாக்ஸைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். "நானே கொண்டு வர்றேன், வேற யாரும் தொட வேணாம்" என்று வீட்டில் சொல்லியிருந்தாராம். அவர் எங்கோ ஏணி மேல் நின்ற நேரத்தில், அவர் மனைவியே பழைய லாரியை என் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒயரை உருவ சீட்டைத் தூக்கினேன். வண்டிப் பூசைக்கு வைத்த முழு மீன் கருவாடு வெள்ளை நூல் சுற்றியபடி கிடந்தது. சக்கரத்துக்கு அரிசிக் கள் ஊற்றிப் பூசை போட்டு, வண்டிக்குக் காவலாக எல்லோரும் வைப்பதுதான்.

"பழைய வண்டிதான் போகுதே, நீயே தூக்கிப் போட்ரு" என்றாள் அவள்.

"போடறதா? பீருக்குத் தொட்டுக்க ஆகுமே அண்ணி."

சிரித்துக்கொண்டே நூலை அறுத்தேன். அவிழ்க்க முடியாத முடிச்சு. மீனின் வாயிலிருந்து உப்புப் பூத்த மெமரி கார்டு ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது. பூசையில் எதையெல்லாமோ வைக்கிறார்கள் என்று நினைத்து, அண்ணி போனபின் அதை ஒக்சிமிடம் வீசினேன்.

"இந்தாக்கா, மீன் முழுங்கின கார்டு. குக் அண்ணன் லாரில இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. கார்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

தொடுபுள்ளிகளை உப்பு தின்றிருந்தது. துடைத்துப் போட்டும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பின்பக்கக் கறுப்புப் பூச்சைச் சுரண்டி, உள்ளே தெரிந்த செம்புப் புள்ளிகளில் தலைமுடி கனத்துக்குக் கம்பிகளைப் பற்றவைத்து, சிப்பிலிருந்தே நேராக உறிஞ்சினாள். வந்ததெல்லாம் கலைந்த துணுக்குகள். அவற்றை வரிசைப்படுத்த அந்த வாரம் முழுக்க ஆயிற்று. கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, திரை முன்னால் உட்காரவைத்தாள்.

மழை. பெட்ரோல் பங்க் முனை. பைக் குறுக்கே வந்தது, இடிபட்டு விழுந்தது. லாரி நின்றது. உள்ளிருந்து குரல் கேட்டது, எங்களோடு நூடுல்ஸ் தின்ற அதே குரல். "எந்திரிடா. எந்திரிச்சிடுடா, டேய்." தரையில் கிடந்த யங்சோக் கையைத் தூக்கினான். வண்டியைப் பார்த்து, வா என்கிற மாதிரி. லாரி பின்னால் போய், அவனைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"கையைத் தூக்குனான்" என்றாள் ஒக்சிம். "உசிரோட இருந்தான், பாத்தியா? பாத்துட்டுப் போயிருக்கான் அந்த நாய்." அப்போதுதான் அவள் அழுதாள். அடிபட்ட மிருகம் மாதிரி அழுதாள். எனக்கு அவனை அங்கேயே கொல்ல வேண்டும் போலிருந்தது.

முகம் கழுவிக்கொண்டு, அவள் முதலில் போனது போலீஸிடம். அடுத்துப் போனது குக் கடைக்கு. நானும் போனேன்.

"அண்ணே, ஒரு பேனர் அடிக்கணும்."

"பழசைப் பிச்சிட்டானுங்களா? அடிச்சிடலாம் ஒக்சிம்."

"இந்த வாட்டி வேற. படமும் போடணும்." பென் டிரைவைத் தானே சொருகினாள். பட்டனையும் அவளே தட்டினாள்.

மெஷின் மெல்லத் துணியைத் தள்ளியது. முதலில் வானம். பிறகு பெட்ரோல் பங்கின் கூரை. குக் பழக்கமாகத் துணி நுனியை நீவிவிடப் போனவர், கையை அப்படியே நிறுத்தினார். மழை வந்தது. பைக் வந்தது.

"ஒக்சிம்..."

"இன்னும் பாதி வரணும். பேசாம நில்லுங்க."

தூக்கிய கை வந்தது. அதற்குக் கீழே, 'சாட்சி கிடைத்துவிட்டது' என்ற எழுத்து. குக் தரையில் மண்டி போட்டுவிட்டார்.

"கார்டை ஏன் உடைச்சுப் போடல?" என்று கேட்டாள் ஒக்சிம்.

"அதுல... அதுல அவன் உசிரோட இருக்கான். உடைச்சா அவன் ஆவி என்னைச் சும்மா விடுமா? பூசை போட்ட மீனு பாத்துக்கும்னு..."

"நல்லாத்தான் பாத்துக்கிச்சு. எந்திரிங்க. எந்திரிக்கச் சொல்லி என் தம்பியைக் கேட்டீங்கல்ல, அவனால முடியல. உங்களால முடியும்."

இத்தனை நாள் அவர் வாங்க மறுத்த பேனர் காசையெல்லாம் எண்ணாமல் மேஜையில் போட்டாள். துணியைச் சுருட்டி அவர் தோளில் வைத்தாள். ஏணியை என்னைத் தூக்கச் சொன்னாள்.

பெட்ரோல் பங்க் முனையில் போலீஸ்காரர்கள் இருவர் காத்திருந்தார்கள். குக் அவர்களைப் பார்த்தார், ஒக்சிமைப் பார்த்தார், ஏறினார். கயிறு இரண்டு முறை நழுவியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி, காய்கறிப் பையோடு நின்றுவிட்டாள். ஒக்சிம் அவளையும் பார்த்தாள், ஆனாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"இறுக்கிக் கட்டுங்கண்ணே. உங்க முடிச்சுதான் அவிழாதே."