வேலிக்குள் போன கல்

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து பைக்கில் கிளம்பி, அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கல்வட்டத்தைப் பார்க்கப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். இன்னும் வயிறு எரிகிறது.

கல்வட்டம் தெரியுமில்லையா? இறந்தவரைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பெரிய பெரிய கற்களை வட்டமாகப் பதித்து வைத்திருப்பார்கள். எழுத்து வருவதற்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்களின் இடுகாடு.

தூரத்திலேயே டங் டங்கென்று சத்தம். கிட்டே போனால்... ஒருவர் சம்மட்டியால் வட்டத்துக் கல்லை உடைத்துக்கொண்டிருக்கிறார்! பாதி வட்டம் காலி.

“யோவ், நிறுத்துய்யா!” என்று கத்தினேன்.

மேஸ்திரி நிதானமாக வந்தார். “டென்ஷன் ஆவாதீங்க சார். இந்தக் கல்லப் பாதுகாக்கத்தான் கவர்மெண்ட்ல கம்பி வேலி போடறோம். போஸ்ட்டு குழிக்கு ஜல்லி லோடு வரல. கல்லு சும்மாதான கெடக்குது? ஒடச்சிப் போட்டுக்கினு இருக்கோம்.”

கல்லைக் காப்பாற்ற வேலி. வேலி போட அதே கல்! உங்களுக்காவது புரிகிறதா?

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொல்லையிலிருந்து பார்வதியம்மா ஓடிவந்தார். அது அவருடைய மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம். வேலிக்கு இடம் பற்றவில்லை என்று கேட்டபோது, செடியைப் பிடுங்கிவிட்டு ஓர் ஓரத்தைச் சும்மா கொடுத்தவர்.

“கல்லுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதானய்யா பிஞ்சா இருந்த மல்லாட்டையப் புடுங்கிட்டு எடம் வுட்டேன்? ஏர் ஓட்டும்போதுகூட அதும்மேல படாம சுத்திக்கினு போவோமே... நீ ஒடச்சிக்கினு நிக்கிறியே!”

சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கற்களில் பெரிதாக ஒன்றைப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சம்மட்டிக்காரர் ஒதுங்கிப்போனார்.

மேஸ்திரியிடம் நம்பர் வாங்கி, வேலி வேலைக்குப் பொறுப்பான அதிகாரிக்குப் போன் போட்டேன். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை — எழுதினால் ‘நாங்கள் இல்லை, அவர்கள்’ என்று பக்கத்து அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். அந்த மனிதர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

“கல்லு வேலி எல்லைக்குள்ளதான சார் இருக்கு? வெளியில ஒண்ணும் போவலியே!”

வாஸ்தவம். கம்பத்துக்கு அடியில், சிமெண்ட்டுக்குள், பத்திரமாக இருக்கிறது. இந்தப் பதிலுக்குச் சம்பளம் வேறு!

எத்தனை மழை, எத்தனை வெயில், எத்தனை ராஜாக்களின் சண்டை... எல்லாவற்றையும் தாக்குப்பிடித்த கல்லுக்கு ஒரு டெண்டர் எமனாக வந்திருக்கிறது. மேஸ்திரிமேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பைலில் ‘பாதுகாப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு தரம்கூட வந்து எட்டிப்பார்க்காத அதிகாரியை என்ன செய்யலாம்?

சாயங்காலம் ஜல்லி வந்த பிறகுதான் பார்வதியம்மா கல்லைவிட்டு எழுந்தார். மிச்சப் பாதி அவரால்தான் பிழைத்தது. என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று போன் செய்தார்.

“வேலி முடிஞ்சிடுச்சு சார். கேட்டு போட்டுப் பூட்டிட்டு, சாவிய ஆபீசுக்கு எடுத்துக்கினு போய்ட்டாங்க. என்னைய உள்ள வுடக்கூடாதாம்.”

“உங்களையா? ஏன்?”

“நான் போனா கல்லு சேதாரம் ஆயிடுமாம் சார்!”