நிழலிலும் மஞ்சள்: ஒரு சொல்லோடு கோலார் தங்கவயலுக்கு

போன சனிக்கிழமை நான் கோலார் தங்கவயலுக்குப் போனதற்குக் காரணம் ஒரே ஒரு சொல். ஐரோப்பாவில் எப்போதோ வழக்கொழிந்த கோத்திக் மொழியில் தங்கத்துக்கு ‘குல்த்’ என்று பெயர். ஆங்கில ‘கோல்டு’க்கு உடன்பிறப்பு. ஜெர்மானிய மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய மொழியில் அது ‘குல்தன்’. மஞ்சள், மினுக்கம் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது என்கிறார்கள். மறுநாள் மாலை எங்கள் குடியிருப்பு நூலகத்தில் இதைப் பற்றி நான் பேச வேண்டும். போன தடவை என் பேச்சில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இந்தத் தடவையும் தூங்கினால் இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். தூக்கிக் காட்ட ஏதாவது வேண்டும்!

பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். பங்காருப்பேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பத்தில் இறங்கியபோது மணி 9.40. ஆண்டர்சன்பேட்டையில் இட்லி, காபி 60 ரூபாய். அரை நாள் ஆட்டோ 500. ஓட்டுநர் தேவராஜுக்கும் என்னைப் போல ஐம்பத்தாறு வயது. சுரங்கம் மூடும்வரை ஷிப்டு போனவர்.

மைசூர் மைன்ஸ் பக்கம் சாலையோரத்தில் ஒரு கல் மஞ்சளாகப் பளபளத்தது. எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினேன். “தங்கம்! தங்கம்!”

“இன்னா மேடம், இப்டி கத்துறீங்க? நெழலுக்கு வாங்க” என்றார் தேவராஜ். ஆட்டோவுக்குள் வைத்துக் கல்லைத் திருப்பினார். மினுக்கம் போய்க் கறுத்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

“வெயில்ல மட்டும் மின்னுனா வெறுங்கல்லு. நெழல்லயும் மஞ்சளா நின்னாதான் தங்கம். சொரங்கத்துல கீழ லெவல்ல லாம்ப தள்ளி வெச்சி இப்டித்தான் திருப்பித் திருப்பிப் பாப்போம்.”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“ஒரே தபா. எள்ளு மாரி. லாம்ப அந்தாண்ட திருப்புனேன், அப்பவும் மஞ்சளாவே இருந்திச்சி. ஷிப்டு முடியறவரிக்கும் சிரிச்சினே இருந்தேன்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. கல்லை வீசப் போனவர் கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: சுரங்கத்துக்குள் போக முடியாது, வெளியிலிருந்துதான் பார்க்கலாம். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மணல்மேடுகளில் ஏறாதீர்கள், காற்றடித்தால் தூசி தாங்காது. தண்ணீர், தொப்பி கட்டாயம். பழைய சுரங்க ஆள் யாராவது ஆட்டோக்காரராகக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஞாயிறு மாலை மேசை விளக்கடியில் கல் ஜொலித்தது. முன்வரிசை எழுந்தே விட்டது. விளக்கைத் திருப்பினேன், கல் கறுத்தது. பக்கத்தில் கழற்றி வைத்த என் மோதிரம் மட்டும் மங்கலிலும் மஞ்சளாகவே கிடந்தது.

“இதன் பெயர் என்ன?” என்று மோதிரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

“குல்த்!” என்றது மொத்த அறையும். ஒருவர்கூடத் தூங்கவில்லை.