அப்பா டிராக்டர் பார்த்த விதம்

எங்கள் அப்பாவுக்கு மாடு பார்க்கத் தெரியும். குமராட்சிப் பக்கத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாட்டைச் சுற்றி ஒருமுறை வருவார். பின்னால் நின்று நடையைப் பார்ப்பார். முதுகைத் தடவிக்கொண்டே முன்னால் போய்க் காதுக்குள் விரலை விடுவார். காதில் உண்ணி இருந்தால் அவ்வளவுதான். வளர்க்கிறவன் சோம்பேறி, அவனிடம் வாங்க வேண்டாம் என்று திரும்பி விடுவார். மடியும் பல்லும் பாலும் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் மாடு வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். நான் கைவைத்த மாடு தங்கும் என்று ஒரு நம்பிக்கை. அது எப்படி வந்தது என்று தெரியாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒரு பெரிய பதவியாக இருந்தது.

பண்ணை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எங்களிடம் மாடுகள் இருந்தன. பால் சிதம்பரத்து டீக்கடைகளுக்குப் போனது. மாட்டை வாங்கி வருவது அப்பா. வந்த பிறகு எல்லாம் அம்மா. தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, கறப்பது, கன்று போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மாடெல்லாம் பளபளன்னு இருக்குதே என்று வருகிறவர்கள் சொன்னால் அப்பா தலையை ஆட்டிக்கொள்வார். அம்மா பக்கத்தில் நின்றாலும் காதில் விழாதவள் போலத் தவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

வைக்கோல் ஏற்றுவதற்கு வாடகை டிராக்டரைத்தான் நம்பியிருந்தோம். அறுப்புக் காலத்தில் டிராக்டர்காரர் இன்று, நாளை என்று இழுப்பார். ஒரு வருஷம் அப்படி இழுத்ததில் வாங்கிய வைக்கோல் முழுக்க வயலிலேயே நனைந்து கறுத்துப்போனது. அன்றைக்கு அப்பா மனதில் சொந்த டிராக்டர் ஆசை விழுந்தது. புதிது நமக்குக் கட்டாது. பெரிய வண்டி எங்கள் தெருவில் திரும்பாது. நடுத்தரமாக, பழையதாக ஒன்று போதும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் விற்கிறார் என்று தகவல் வந்தது. மாட்டுப் பண்ணைக்காரர் என்றதுமே அப்பாவுக்குப் பாதி திருப்தி. கடலூரில் லாரி ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்த மாமாவையும், அம்மாவின் தம்பி அவர், வரச்சொல்லி, நாங்கள் மூன்று பேரும் பஸ் மாறிப் போனோம். வண்டிக்கும் நான் கைவைக்க வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானக் கறவைக்கு ஆள் வேண்டுமே.

வண்டியைக் கழுவிச் சந்தனப்பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். அப்பா கண்ணைக் காட்டினார். நான் போய் முன்பக்கத் தகரத்தில் கைவைத்தேன்.

"சூடா இருக்குது" என்று மாமாவிடம் மெல்லச் சொன்னேன். வெளியாட்கள் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது.

மாமா அதை உரக்கக் கேட்டார். "இன்னாண்ணே, இப்பதான் ஓட்டி நிறுத்தினாப்புல இருக்குது?"

"காத்தால புல்லு ஏத்தப் போச்சு தம்பி" என்றார் பண்ணைக்காரர். சாவியைத் திருப்பினார். ஒரே உறுமலில் வண்டி கிளம்பியது.

மாமா அப்பாவின் பக்கம் சாய்ந்து, "மாமா, சூட்டுல எல்லா வண்டியும் கெளம்பும். ஆறட்டும். இல்லன்னா இன்னொரு நாளு விடியக்காலம் சொல்லாம கொள்ளாம வருவோம். அப்ப தெரியும் இதோட வண்டவாளம்" என்றார்.

அப்பா கேட்ட மாதிரியே தெரியவில்லை. அவர் வண்டியைச் சுற்றி வர ஆரம்பித்திருந்தார். பின்னால் நின்று பார்த்தார். பெரிய டயரின் மேல் இருந்த தகரத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"வாயத் தொறந்து பல்லுப் பாக்கலியா மாமா?"

"சும்மா கெட மச்சான். நீ நட்டு போல்ட்டப் பாரு, நான் ஆளப் பாக்கறேன்."

ஆளைப் பார்ப்பதற்கு அப்பா போன இடம் மாட்டுக் கொட்டகை. நாங்களும் பின்னால் போனோம். அப்படி ஒரு கொட்டகையை நான் பார்த்ததில்லை. தரை காய்ந்து கிடந்தது. மாடுகளின் தொடையில் ஒரு பொட்டுச் சாணி இல்லை. அப்பா முதலில் நின்ற மாட்டின் காதில் விரலை விட்டார். அடுத்ததிலும் விட்டார். முகம் மலர்ந்துபோனது.

"ஒரு உண்ணி இல்ல பாரு மச்சான். வாயில்லா ஜீவன இப்பிடி வெச்சிருக்கறவரு வண்டிக்கு எண்ண ஊத்தாமயா இருப்பாரு?"

"மாடு நல்லாதான் இருக்குது. நாம வாங்க வந்தது மாடா மாமா?"

பண்ணைக்காரர் சிரித்தபடி, "எல்லாம் நம்ம மேற்பார்வைதான் தம்பி" என்று வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வந்ததும் ஓரத்தில் நின்ற மாடு புஸ்ஸென்று மூச்சு விட்டுக் கயிற்றை இழுத்தது. "ஏய், இரு" என்று அவரே இரண்டடி பின்வாங்கினார். கன்றுக்குட்டி ஒன்று ஓடிப்போய் ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர்தான் பண்ணைக்காரரின் வீட்டம்மா. புடவைக்கு மேல் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை சாணியோடு நின்றார். மாடுகளெல்லாம் அவர் நகர்ந்த பக்கமாகவே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தன.

மாடு பார்க்கத் தெரிந்த அப்பாவுக்கு, மாடு யாரைப் பார்க்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஆண்கள் விலை பேச வெளியே போனார்கள். அந்தம்மா கன்றின் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "உங்க வூட்ல மாட்ட யாரு பாப்பா பாக்கறது?" என்று கேட்டார்.

"அம்மா."

"அவுங்க வரலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கூட்டியாந்திருக்கலாம்ல" என்றார். என்னிடம் சொன்னது போலவும் இருந்தது, வெளியே நின்றவர்களுக்குச் சொன்னது போலவும் இருந்தது.

பேரம் படிந்தது. கையில் இருந்தது கொஞ்சம், பாக்கிக்கு எங்கள் கறவை மாடுகளில் மூன்று. பண்ணைக்காரர் கேட்டார், அப்பா சரி என்றார். எந்த மூன்று என்பதையும் அப்பாவே சொன்னார். இருப்பதில் நல்லதாகத்தான் சொன்னார். அந்த விஷயத்தில் அவர் யாரையும் ஏமாற்றியதில்லை.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வீட்டுக்குள் எனக்கு வாய் உண்டு. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பண்ணைக்காரர் கொட்டகைக்குள் வந்த மாதிரி நடந்து காட்டினேன். மாடு புஸ்ஸென்றது, அவர் பின்னால் குதித்தது, கன்று அந்தம்மா பின்னால் பதுங்கியது எல்லாவற்றையும் நடித்தேன். மாமாவுக்குப் புரை ஏறிவிட்டது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்ப அந்த மாடுங்கள அந்தம்மாதான் பாக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு பாத்தா இன்னா? வூடு ஒண்ணுதான" என்றார் அப்பா.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தன் அக்காவையே பார்த்தார். "ஏன்க்கா?" என்றார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். இனி யார் வாசலிலும் போய் வண்டிக்கு நிற்க வேண்டியதில்லை என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டார். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"சரி" என்றாள். எதற்குச் சரி என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வண்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் கிளம்பாது. தெருவே சேர்ந்து தள்ள வேண்டும். பிறகு கிளம்பினால் கறுப்புப் புகையில் தெரு மறையும். சிதம்பரத்திலிருந்து வந்த மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப்போட்டு, இதை எப்போதோ பார்த்திருக்க வேண்டும் என்றார். பிரித்ததைச் சேர்க்க ஒரு மாடு போனது. அடுத்த தரம் பிரித்தபோது இன்னொன்று. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிய ஒரு மழைக்காலத்தில், வைக்கோல் பாரத்தோடு பாதி வழியில் நின்றது. எந்த நனைந்த வைக்கோலுக்காக அதை வாங்கினோமோ, அதே மாதிரி வைக்கோலை அதன் முதுகிலேயே வைத்து நனைத்துக் காட்டியது. நான் பத்தாவது முடிப்பதற்குள் கொட்டகை காலியாகிவிட்டது. வண்டி காயலாங்கடைக்குப் போனது. அப்பாவை யாரும் மாடு பார்க்கக் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. கூப்பிட்டார்கள். அவர்தான் போகவில்லை.

இப்போது பழைய வண்டி வாங்குகிறவர்கள் செல்போனிலேயே எல்லாம் விசாரித்துக்கொள்கிறார்கள். இப்போது நாங்கள் இருக்கும் கடலூர் செம்மண்டலத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே அப்படி ஒரு பழைய டிராக்டர் வந்து நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு இன்ஜின் பிரித்ததெல்லாம் நினைவுக்கு வரவில்லை. வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த அந்த முதல் நாள் காலைதான் வந்தது.

அன்று டிராக்டருக்குப் பின்னாலேயே மாடுகளை ஏற்றிப்போக ஒரு சின்ன லாரியும் வந்தது. லாரியிலிருந்து அந்தம்மா இறங்கினார். விற்கிறவர்கள் மாட்டைத்தான் கொடுப்பார்கள், கட்டியிருந்த கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அதனால் தோளில் புதுக்கயிறு போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆண்கள் வண்டியைச் சுற்றி நிற்க, அவர் நேராகக் கொட்டகைக்குப் போனார். அம்மா அங்கே மாடுகளுக்குக் கடைசியாகத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருவரையொருவர் பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா பழைய கயிற்றை அவிழ்க்க, அவர் புதியதை மாட்டினார். இரண்டாவது மாட்டுக்கு வந்தபோது அந்தம்மா வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த வண்டிய அவரு" என்று ஆரம்பித்தார்.

"இது எடது பக்கம் உக்காந்தா ஒதைக்கும்" என்றாள் அம்மா. "வலது பக்கமா உக்காருங்க. கொஞ்சம் பேசிக்கிட்டே கறக்கணும். இன்னா பேசினாலும் சரிதான்."

"இல்லக்கா, நான் சொல்ல வர்றது இன்னான்னா..."

"இதுக்குப் புண்ணாக்க ராத்திரியே ஊற வெச்சிடுங்க. காத்தால ஊற வெச்சா மோந்துட்டு உட்டுடும்."

அந்தம்மா அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரிக்கா" என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அம்மா நிறுத்தவே இல்லை. மூன்றாவது மாடு எந்த மேளச் சத்தத்துக்கு மிரளும், கன்று போட்டால் எத்தனை நாள் கோபமாக இருக்கும், எந்த இடத்தில் சொறிந்துகொடுத்தால் கண்ணை மூடும் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு ஒரே எரிச்சல். நமக்கு மட்டும் தெரிந்ததையெல்லாம் வந்தவரிடம் எதற்கு இப்படிக் கொட்டுகிறாள் என்றும், அவர் சொல்ல வருவதைக் கேட்காமல் இப்படியா மரியாதை இல்லாமல் பேசுவாள் என்றும் நினைத்தேன்.

வாசலில் ஒரே சிரிப்பு. அப்பா முதல்முறையாக வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். வேட்டிக்கு மேல் புதுச்சட்டை. தெருக்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மாமா கீழே நின்று, "ஸ்டேரிங்கப் புடிங்க மாமா, அது கொம்பு இல்ல" என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார்.

"எங்க அவ? வந்து சுத்திப் போடச் சொல்லு" என்று அப்பா என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பூசணிக்காயின் மேல் சூடத்தை ஏற்றி இரண்டு கையிலும் ஏந்தினாள். அம்மா குள்ளம். டிராக்டர் சீட்டோ உயரம். பூசணிக்காய் நல்ல கனம். ஆனாலும் அதைத் தலைக்கு மேலே தூக்கி, குதிகாலை எம்பி, சிரித்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் மெதுவாகச் சுற்றினாள். வண்டிக்குத்தானே சுற்ற வேண்டும், கீழேயே சுற்றினால் போதாதா, அம்மாவுக்குக் கை வலிக்காதா என்றுதான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.