பத்து மணிக் கூட்டம்

கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டு நிக்கிறவள்னு எங்கம்மா என்னைத் திட்டாத நாளில்லை. எங்க மிளகு விவசாயிங்க சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினப்ப, நான் முதல்ல கை வெச்சதே கூட்ட நேரத்துலதான். சோளக்காடு ஊர்ல பத்து மணிக்குக் கூட்டம்னு நோட்டீஸ்ல இருக்கும். ஆனா அந்தப் பக்கத்து உறுப்பினருங்க வர்ற அரியூர் பஸ் வந்து சேர்ற வரைக்கும் தலைவர் ஆரம்பிக்கவே மாட்டார். வெத்தலையை மடிச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டிருப்பார். பஸ் பதினொன்னுக்கும் வரும், பன்னெண்டுக்கும் வரும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். "பத்துன்னா பத்துதானுங்க"ன்னு சண்டை போட்டு, அதை விதியாவே எழுத வெச்சேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்துச்சு. பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்கதான் உறுப்பினர். பட்டாவோ பூரா ஆம்பளைங்க பேர்ல. மிளகைக் காய வெச்சு, பொடைச்சு, மூட்டை கட்டுற பொம்பளைங்களுக்குக் கை தூக்குற உரிமை இல்லை. எங்கப்பா நெலம் என் பேருக்கு வந்ததால நான் ஒருத்தி மட்டும் உள்ள இருந்தேன். அதை மாத்தாம எனக்குச் சோறு எறங்கலை.

மாத்தினேன். மிளகு வேலை பாக்குற பொம்பளைங்களும் கையெழுத்துப் போட்டா உறுப்பினர்தான்னு தீர்மானம் எழுதினேன். அரியூர்ப் பொம்பளைங்களை வரச் சொன்னதும் நான்தான். ஆனா பத்தடிச்சதும் பஸ்ஸுக்குக்கூட நிக்காம ஆரம்பிச்சதும் நான்தான். சந்தையில பலாப்பழத்தை எறக்கிட்டு வந்தவங்க, சீக்கிரம் முடிஞ்சாச் சரின்னு கையைத் தூக்கிட்டாங்க. பத்தேகாலுக்கெல்லாம் தீர்மானம் முடிஞ்சு போச்சு. பத்தேமுக்காலுக்கு பஸ் வந்துச்சு. புருசன்மாரோட பன்னெண்டு பொம்பளைங்க நல்ல சீலையா கட்டிக்கிட்டு எறங்கினாங்க. "ஜெயிச்சாச்சு, வந்து கையெழுத்துப் போடுங்க!"ன்னு குதிச்சுக்கிட்டு ஓடினேன்.

முன்னால நின்ன அக்கா மூஞ்சி சுண்டிப் போச்சு. "ஏனுங்க, கல்யாணத்துக்குக் கூப்புட்டுப்போட்டு, தாலி கட்டி முடிச்சப்புறம் சாப்புட்டுப் போங்கன்னா எப்படீங்க?"

ஒருத்தரும் கையெழுத்துப் போடலை. அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டாங்க.

ஒரு மாசத்துல காத்தும் மாறிருச்சு. கை தூக்கினவங்களே "ஒரு ஊட்டுக்கு ரெண்டு ஓட்டா?"ன்னு கெளம்பி, தீர்மானத்தை ரத்து பண்ணணும்னு எழுதிக் குடுத்தாங்க. நான் அரியூருக்கு ஓடினேன். ரத்தாகுற வரைக்கும் தீர்மானம் உசுரோடதான் இருக்கு, கூட்டத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டீங்கன்னா நீங்களும் ஓட்டுப் போடலாம்னு மூச்சு வாங்கச் சொன்னேன். அந்த அக்கா மரவள்ளிக்காட்டுல களை வெட்டிக்கிட்டே, "பாக்கறேனுங்க"ன்னாங்க. நிமிந்துகூடப் பாக்கலை. பஸ்ஸுல திரும்புறப்ப எனக்கு அழுகையா வந்துச்சு.

கூட்டத்தன்னைக்குப் பத்தடிச்சுது. பஸ்ஸைக் காணோம். ரத்து பண்ண வந்தவங்க சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க: "ஆரம்பிக்கலாமுங்களா? விதி உங்க விதிதானுங்களே?"

சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டது அப்பத்தான் உறைச்சுது. தலைவர் என்னைப் பாத்தார்; விதியை மீற அவருக்கும் வழியில்லை. கூட்டம் நடக்க இருபத்தஞ்சு பேர் வேணும். எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். என்னையும் சேத்துச் சரியா இருபத்தஞ்சு.

உறுப்பினர் நோட்டைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

"எங்கீங்க போறீங்க?"

"ரோட்டுக்குங்க. இருபத்துநாலு பேரை வெச்சு நடத்துங்க, பாக்கலாம்."

பின்னால ஒரே கூச்சல். நான் ரோட்டோரம் வந்து நின்னேன். லாரி போச்சு, வாழைத்தார் ஏத்தின வேன் போச்சு. பத்தரை ஆச்சு, பதினொன்னும் ஆச்சு. வளைவுல ஹாரன் சத்தம் கேட்டாப் போதும், எட்டி எட்டிப் பாப்பேன். யாராவது ஒரு ஆளு லேட்டா வந்து உள்ள நுழைஞ்சுட்டா என் கதை முடிஞ்சுது. அடக் கடவுளே, இந்தத் தலைவர் எத்தனை வருசம் இப்படி உக்காந்திருந்தார்!

பஸ் வந்துச்சு. ஆம்பளைங்க ரெண்டு பேர் எறங்கி, பின்னால எறங்குறவங்களுக்காக நின்னாங்க. அப்புறம் அந்த அக்கா. பின்னாலயே இன்னும் நாலு பொம்பளைங்க. பன்னெண்டு பேர் வரலை.

அக்கா என்னைப் பாத்ததும் அங்கயே நின்னுட்டாங்க. "முடிஞ்சுருச்சுங்களா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. உங்களுக்குத்தான் நின்னுக்கிட்டிருக்கேன்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாங்க. "செரி. பேனாவைக் குடுங்க. அப்படியே திரும்புங்க."

நடுரோட்டுல, என் முதுகு மேல நோட்டை வெச்சு, அஞ்சு பேரும் ஒவ்வொரு எழுத்தா, நிதானமா கையெழுத்துப் போட்டாங்க. கடைசி ஆளு முடிக்கிற வரைக்கும் நான் அசையவே இல்லை.